மூக்குத்தி வேண்டாம் என்றவள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

போன வாரமே எழுதியிருக்க வேண்டும். பார்லரில் கூட்டம், அதனால் முடியவில்லை என்று ஒரு பொய் சொல்லலாம். கூட்டமெல்லாம் ஒன்றுமில்லை. இருக்கிற இரண்டு நாற்காலியில் ஒன்று எப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது. எழுதக் கை வரவில்லை, அதுதான் உண்மை.

முதலில் நல்ல சேதி. உன் மகள் தும்பி பள்ளிக்கூடத்தில் வைத்த மாதிரித் தேர்வில் கணக்குக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறாள். நீயும் நானும் சேர்ந்து வாங்கினாலும் அவ்வளவு வராது. நீ போய் ஒன்றரை வருஷத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். என் செருப்பு இப்போது அவளுக்குச் சரியாக இருக்கிறது, எனக்குத்தான் கிடைப்பதில்லை.

இனி மற்ற சேதி. நின்றுகொண்டிருந்தால் உட்கார். மூக்குக் குத்திவிட்டேன். எனக்கில்லை, அவளுக்கு.

நீ கிளம்புகிற அன்று வாசலில் நின்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. "காது குத்தினதோட சரி, மூக்கெல்லாம் வேண்டாம்" என்றாய். அவள் கேட்க ஆரம்பித்த பிறகு மூன்று மாதம் அதையே சொல்லிச் சமாளித்தேன். ஆனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் வேலை செய்கிற நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள்.

"ஊருக்கெல்லாம் குத்துறீங்க பெரியம்மா, எனக்கு மட்டும் ஆகாதா?"

"உங்கம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கா."

"ஏன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"ஏன்னே தெரியாம வேண்டாம்னா, அது என்ன நியாயம்?"

இரண்டு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார வைத்தேன். பேனாவால் புள்ளி வைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காது குத்துகிற அதே கன்னால், அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவியால், குத்தினேன். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நீ பார்க்க வேண்டுமே, அத்தனை அழகாக இருக்கிறது.

கல்லைச் சுற்றிக் கொஞ்சம் சிவந்திருக்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டி. லேசாக நீர் வடிகிறது. அவள் சும்மா இல்லாமல் அதைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். குத்தின புதிதில் அப்படித்தான் இருக்கும், நான் பார்க்காததா.

திட்டுவதானால் என்னைத் திட்டு. அவளைத் திட்டாதே.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. ஷிப்டு முடிந்து, கை கழுவக்கூட நிற்காமல் பிரித்தேன். இந்தக் காகிதத்தில் மீன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள். இந்த மீன் டின் கம்பெனியில் எதில்தான் அடிக்கவில்லை.

வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா? காரணம் சொன்னால்தான் கேட்பீர்களா? நான் அவளைப் பெற்றவள். நான் வேண்டாம் என்றால் அது போதாதா?

கன்னால் குத்தினேன் என்கிறாய். அந்தக் கன்னால் அதற்கு முன் எத்தனை பேருக்குக் குத்தினாய்? ஸ்பிரிட்டால் துடைத்தால் எல்லாம் போய்விடுமா? இங்கே மீன் வெட்டுகிற கத்தியையே ஷிப்டுக்கு ஷிப்டு கொதிக்கிற ஆவியில் போடுகிறார்கள். அது செத்த மீன். இவள் என் பிள்ளை.

நீயாக அந்தக் கல்லைக் கழற்றாதே. உள்ளே சீழ் இருந்தால் துளை மூடிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் இல்லை, டாக்டரிடம். போனால், மூக்கை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லாதே. நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்க்கச் சொல். ஏன் என்று கேட்காதே.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க முயலாதே.

காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா? அதை மட்டும் உடனே எழுது. மறைக்காதே.

அவளைத் திட்ட மாட்டேன். திட்டினால் இந்தப் பக்கமிருந்து அவளுக்கு வருவதெல்லாம் திட்டாகவே இருக்கும்.

*

மார்ச் 27

சின்னவளுக்கு,

எனக்கும் ரோஷம் உண்டு. ஒன்றரை வருஷமாக உன் பிள்ளைக்குச் சமைத்து, துவைத்து, பரீட்சைக்கு எழுப்பி, முகம் சுளித்தால் என்னவென்று கேட்டு வளர்த்தவளிடம் செத்த மீன் கதை சொல்கிறாய். இந்த முறை அதிசயமாக நாலே நாளில் வந்த உன் கடிதத்தை இரண்டு நாள் தலையணைக்கடியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஆனால் நீ சொன்னபடி கூட்டிப் போனேன். நீ சொன்னதற்காக இல்லை. மூக்கின் அந்தப் பக்கம் முழுக்கத் தக்காளி மாதிரி சிவந்து வீங்கி, தொட்டால் அலறினாள். கல்லின் பின்பக்கத் திருகு வீக்கத்துக்குள்ளேயே புதைந்துவிட்டது.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண். என்னை விட வயதில் சின்னவள், ஆனால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"இது எதால குத்தினது?"

"கன்னாலங்க."

"யார் குத்தினது?"

"நான்தாங்க."

அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "அது காது மடலுக்குச் செஞ்சதும்மா. காதோட நுனி வெறும் சதை. இது குருத்தெலும்பு. கன் அதை ஊசி மாதிரி துளைக்காது, நசுக்கிக்கிட்டுப் போகும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கம்மி, காயம் பட்டா சீக்கிரம் ஆறாது. கிருமி உள்ள போயிட்டா அங்கேயே கூடு கட்டிடும். அந்தக் கன்னு பிளாஸ்டிக், கொதிக்க வைக்க முடியாது. முன்னாடி யாரு ரத்தம் பட்டதோ அது அங்கேயே இருக்கும். மஞ்சள் காமாலையிலேர்ந்து எல்லாம் வரலாம். இத்தனை வருஷம் தொழில் பண்றீங்க, யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, சீழை எடுத்து, கல்லையும் எடுத்துவிட்டார்கள். தும்பி என் கையை நசுக்கிய நசுக்கில் இன்னும் விரல் வலிக்கிறது. ஏழு நாள் மாத்திரை. வீக்கம் இறங்கிவிட்டது. மூக்கு ஓரத்தில் ஒரு சின்னக் குழி விழும் என்றாள். மூக்கே சப்பையாகிப் போகிறவர்களும் உண்டாம், அந்த மட்டுக்குத் தப்பித்தோம்.

நெஞ்சைப் பார்க்கச் சொல்லவில்லை. மூக்கு டாக்டரிடம் போய் நெஞ்சைப் பார் என்றால் சிரிக்க மாட்டார்களா? ஏற்கெனவே அந்த அறையில் எனக்கு ஒரு சாண் உயரம்தான் மிச்சம் இருந்தது.

நீ அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்க்காதே என்று எழுதினால் பார்க்காமல் இருக்க நான் என்ன துறவியா? "அவளுக்குப் பிறந்த" என்பது மட்டும் தெரிந்தது. பிறந்த நாளா? அது ஆகஸ்டில்தானே.

காய்ச்சல் கேட்டாய். சாயங்காலமானால் உடம்பு கொஞ்சம் கதகதவென்று இருக்கிறது. காலையில் இல்லை. மாத்திரையை மூன்று நாளோடு நிறுத்திவிட்டாள் என்பது இன்றுதான் தெரிந்தது, வயிற்றைப் புரட்டுகிறதாம். பரீட்சை நேரம், சரியாகச் சாப்பிடுவதில்லை, வேறொன்றும் இருக்காது.

அக்கா

*

ஏப்ரல் 8

அக்கா,

இதை எழுதி முடித்ததும் நானே தபால் வண்டியில் கொண்டுபோய்ப் போடப்போகிறேன். நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து, உன்னைக் கூப்பிட்டுத் தருகிற பக்கத்து மருந்துக்கடை போனுக்கு மூன்று முறை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

சாயங்காலக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். இதைப் படித்த உடனே, கடையைப் பூட்டக்கூட நிற்காமல், அவளை இதய டாக்டரிடம் கூட்டிப் போ. நான் கீழே எழுதுவதை அப்படியே அவரிடம் காட்டு.

இவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஒரு குறை இருக்கிறது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் இருக்கிற வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டும். இவளுக்கு இரண்டுதான். பிறந்த பதினோராம் நாள் சொன்னார்கள். ஓடலாம், விளையாடலாம், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். ஆனால் உடம்பில் எங்கே சீழ் பிடித்தாலும், பல் பிடுங்கினாலும், காரணம் தெரியாமல் காய்ச்சல் நீடித்தாலும், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் கிருமி போனால் அந்த வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அதனால்தான் மூக்கு வேண்டாம் என்றேன். காதுக்கே பயந்து பயந்துதான் விட்டேன்.

பல் டாக்டரிடம் நான் மட்டும் அவளைத் தனியாகக் கூட்டிப் போவேனே, "எங்களையெல்லாம் நம்ப மாட்டியா" என்று கேலி செய்வாயே, அது இதற்குத்தான்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சின்ன வயதில் யாரும் அவளை நோயாளியாகப் பார்க்கக் கூடாதென்று மறைத்தேன், பிறகு பயத்தில். நான் இங்கே வர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று உன்னிடம் வந்து தும்பியை வைத்துக்கொள்வாயா என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான் ஒண்டிக்கட்டை. ஒரு பூந்தொட்டியக்கூட வாடாம வளர்த்ததில்ல. நல்லா ஓடியாடுற பிள்ளையா இருந்தா சமாளிச்சுக்கறேன், நோய்நொடின்னா என்னால ஆகாதுடி" என்று சிரித்தாய். நீ விளையாட்டாகச் சொன்னாய். எனக்கு வேறு யாரும் இல்லை. அவள் அப்பா போன இடமே தெரியாது. சொன்னால் நீ வேண்டாம் என்றுவிடுவாயோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வார்த்தை. அதை விழுங்கிவிட்டுக் கப்பலேறினேன்.

ஓடு அக்கா. மீதியை அப்புறம் பேசுவோம்.

*

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

பதறாதே. தும்பியை நேற்று முன்தினம் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறேன். காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. பரீட்சை எழுதப் போனவளைப் பாதியில் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது.

டைபாய்டாக இருக்கும் என்கிறார் டாக்டர். வயதானவர், நிதானமானவர். குளுக்கோஸ் ஏறுகிறது. விரல் நுனியில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன, கொசுக்கடியாக இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள்.

நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நீ கேட்டது தானாகவே நடந்துவிட்டது, பார். கொஞ்ச நேரம் வைத்த இடத்திலேயே வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லேசா ஒரு சத்தம் கேக்குது. காய்ச்சல் அதிகமானா சில பேருக்குக் கேக்கும். பிறவியிலேர்ந்து ஹார்ட்ல ஏதாவது கோளாறு இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். பிறந்ததுலேர்ந்து பாத்தவ நான். கல்லு மாதிரி பிள்ளை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அட்டையில் எழுதிக்கொண்டார்.

மூக்கு விஷயத்தையும் சொல்லவில்லை. அது ஆறிவிட்டது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சொன்னால் இவரும் என்னைத் திட்டுவார் என்கிற பயமும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன்.

மருந்துக்கடைக்காரர் சொந்தத்தில் யாருக்கோ முடியவில்லையென்று நாலு நாளாகக் கடையைப் பூட்டியிருக்கிறார். நர்சிங் ஹோம் போனிலிருந்து உன் கம்பெனிக்குப் பேசினேன். வேலை நேரத்தில் ஆளைக் கூப்பிட முடியாதாம், சேதியை எழுதிக்கொள்கிறேன் என்றார் குமாஸ்தா. என்ன எழுதட்டும் என்று கேட்டார். "மகளுக்குக் காய்ச்சல், பெருசா ஒண்ணுமில்ல"ன்னு எழுதுங்க என்றேன். நீ பயந்துவிடக் கூடாதே என்றுதான்.

அக்கா

*

ஏப்ரல் 21

சின்னவளே,

உன் எட்டாம் தேதிக் கடிதம் பத்தொன்பதாம் தேதி காலையில் வந்தது. அதற்குள் எல்லாம் தலைக்கு மேல் போய்விட்டது.

பதினாறாம் தேதியே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மல்லாந்து படுக்க முடியவில்லை, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி மூச்சு விட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு கருவியை நெஞ்சில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். வால்வின் மேல் பாசி படர்ந்த மாதிரி கிருமி பிடித்திருக்கிறதாம். அதைத் தின்றுகொண்டிருக்கிறதாம். ரத்தத்தைப் பரிசோதித்ததில் வந்த கிருமி, தோலிலும் மூக்கிலும் இருக்கிற கிருமி. "சமீபத்துல எங்கயாவது காயம், சீழ்?" என்று கேட்டார்கள். என் வாயால் சொன்னேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடையைப் பூட்டினேனா என்று இன்றுவரை தெரியாது. இதய டாக்டர் நின்றபடியே படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். "நாங்க கண்டுபிடிச்சிட்டோம்மா. இது பத்து நாளைக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா, மருந்துலயே நிறுத்தப் பாத்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பத்து நாள் முன்னால் என்னைக் கேட்டார்களே! வாயைத் திறந்து கேட்டார்களே! "கல்லு மாதிரி பிள்ளை" என்று சொன்னேனே! எனக்கு எப்படித் தெரியும்? பதினேழு வருஷம் என் மடியில் போட்டுத் தூக்கின பிள்ளையின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாயே, நீ ஒரு அம்மாவா? நான் சிரித்துச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்னை இப்படி அளந்து வைத்திருக்கிறாயே. நோயாளிப் பிள்ளை என்றால் தெருவில் விட்டுவிடுவேன் என்றா நினைத்தாய்?

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வராந்தாவில் போய் நின்றேன். வெளியே ஒருவன் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்தான். இரண்டு வாங்கினேன். அவளுக்குத் தரக்கூடாதென்றுவிட்டார்கள். கையிலேயே வைத்திருக்கிறேன்.

நிஜம் என்ன தெரியுமா? நீ அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பயந்திருப்பேன். அதுதான் என்னைத் தின்கிறது. நீ என்னைச் சரியாகத்தான் அளந்திருக்கிறாய்.

மருந்து ஊசி வழியாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறது. கிருமி நின்றாலும் வால்வு பிழைக்காது, மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். உடம்பு கொஞ்சம் தேறினால்தான் கத்தி வைக்க முடியும். தேறுவதற்குள் வால்வு கிழிந்துவிடவும் கூடாது. இரண்டு பக்கமும் கத்தி. நான் நடுவில் ஆரஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படியாவது வா.

*

மே 2

அக்கா,

குமாஸ்தா எழுதி வைத்த சீட்டு போன மாதம் பன்னிரண்டாம் தேதி என் கைக்கு வந்தது. "மகளுக்குக் காய்ச்சல். பெரிதாக ஒன்றுமில்லை." அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, உன் அடுத்த கடிதம் வரும்வரை, ஒரு வாரம் நிம்மதியாக டின் அடைத்தேன். என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும், நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைத்த மூன்று நிமிடத்தையும் நீ அழுதே முடித்துவிட்டாய். "ஆபரேஷன்", "ஒன்பதாம் தேதி" என்கிற இரண்டு சொல்தான் எனக்குப் புரிந்தது. அதற்கு மறுநாள்தான் உன் இருபத்தொன்றாம் தேதிக் கடிதம் வந்தது.

மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது, சீசன் முடியாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. லீவு விதி என்று ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். நெருங்கிய உறவு இறந்துபோனால் மட்டும் லீவு.

"உயிரோட இருக்கும்போது போறதுக்கு விதியில இடமில்லையா சார்?" என்று கேட்டேன்.

அவர் அந்தக் காகிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார் அக்கா. பிறகு, "இல்லம்மா" என்றார். மேலே எழுதிக் கேட்கிறேன், பதில் வர மூன்று வாரம் ஆகும் என்றார்.

வெளியே வந்து என் இடத்தில் போய் நின்றுகொண்டேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. டின் வருகிறது, மூடி வைக்கிறேன், போகிறது. எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள், வேற்று மொழிக்காரி, என்னை ஒன்றும் கேட்காமல் என் பங்கு டின்னிலும் பாதியை அவளே மூடிக்கொண்டிருந்தாள்.

நீ என்னைத் திட்டினது சரி. இன்னும் திட்டு. ஆனால் கன்னை எடுத்ததும் நீதான். நான் சொல்லாததும் நீ செய்ததும் சேர்ந்துதான் இது. தனியாக என்னால் சுமக்க முடியவில்லை, நீ பாதி எடுத்துக்கொள். இப்படி எழுதுவது நியாயமா என்று தெரியவில்லை. அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய்.

ஆபரேஷன் ஒன்பதாம் தேதி என்றால், இது உன் கைக்கு வரும்போது முடிந்திருக்கும். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நான் இங்கே ஒன்றும் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் தலையில் கை வை. என் கை என்று சொல்ல வேண்டாம். சும்மா வை.

*

மே 18

சின்னவளே,

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி சொல்லியிருப்பார்கள். உயிர் இருக்கிறது என்கிற சேதி மட்டும்தான் போனில் வரும். மீதியை நான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணிக்குத்தான் கதவு திறந்தது. நீ சொன்னபடி தலையில் கை வைக்கலாம் என்றால் உன் கடிதம் பதின்மூன்றாம் தேதிதான் வந்தது. அதற்கு முன்னாலேயே நானாக வைத்தேன். பச்சைத் துணித் தொப்பியின் மேல்தான் வைக்க முடிந்தது.

பழைய வால்வு சல்லடையாகிப் போயிருந்ததாம். உலோகத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது திறந்து மூடும்போது சத்தம் கேட்கிறது. வார்டில் பேச்சு அடங்கினால், கைக்கடிகாரத்தைக் காதில் வைத்த மாதிரி டிக் டிக்கென்று எனக்கே கேட்கிறது. முதல் நாள், "கடிகாரத்த எடுத்து வெளிய வைங்க பெரியம்மா" என்றாள். எடுத்து வைக்க அங்கே கடிகாரம் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, தினமும், ஆயுள் முழுக்க. ஒரு நாள் தவறினாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. நாளைக்கு ஒரு பிள்ளை பெறுவதென்றால் அதுவும் லேசில்லை என்று நர்ஸ் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறாள், நான் சரி சரி என்று தலையாட்டுகிறேன். பரீட்சை இந்த வருஷம் போனது போனதுதான்.

நீ கேட்ட பாதியை எடுத்துக்கொண்டேன். கேட்காவிட்டாலும் எடுத்திருப்பேன். இந்த ஒரு வருஷத்தில் அந்தக் கன்னால் மூன்று பேருக்கு மூக்குக் குத்தியிருக்கிறேன். வீடு வீடாகப் போய்த் தேடினேன். ஒருத்திக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்குக் கல்லைச் சுற்றிப் பட்டாணி அளவுக்குத் தழும்பு தடித்துப்போயிருக்கிறது, "பரவால்லக்கா" என்று என்னையே சமாதானப்படுத்தினாள். மூன்றாவது பெண் வீடு மாறிப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நேற்று டாக்டர் தன் மாணவர்களோடு வந்து அவள் கட்டிலருகே நின்று, "பிறவியிலேயே ரெண்டு இதழ் வால்வு" என்று பாடம் நடத்திவிட்டுப் போனார். அவர்கள் போனதும் தும்பி என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, என் நெஞ்சுல இப்படி இருந்தது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்கம்மாவுக்கு. ஏப்ரல்லேர்ந்து எனக்கு."

"எனக்கு?"

நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"நெஞ்சு என்னோடதுதானே பெரியம்மா? எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்து நின்னிருக்கவே மாட்டேனே. மாத்திரைய நிறுத்தியிருக்க மாட்டேனே. அந்த டாக்டர் கேட்டப்ப நானே சொல்லியிருப்பேனே. நான் அங்கதான படுத்திருந்தேன்?"

அழவில்லை. கத்தவில்லை. கணக்குப் போடுகிற மாதிரிக் கேட்டாள். நீயும் நானும் இத்தனை கடிதம் எழுதிச் சண்டை போட்டோமே, உன்னிடம் சொன்னேனா, என்னிடம் சொன்னாயா என்று. அவளிடம் சொல்லவேண்டும் என்று நம் இரண்டு பேருக்கும் ஒருமுறைகூடத் தோன்றவில்லையே.

அவளுக்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். அது என்னால் ஆகிற காரியமில்லை. நீ எழுது.

அக்கா

*

ஜூன் 2

அக்கா,

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. மகள் குணமாகிவருவதால் லீவு தேவைப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சீசன் செப்டம்பரில் முடிகிறது. அதுவரை நான் இங்கேதான்.

தும்பிக்கு எழுத நாலு நாளாக உட்காருகிறேன். சாப்பாட்டு இடைவேளையில், குளிர் அறைக்கு வெளியே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். "நீ பயந்துவிடுவாய் என்று சொல்லவில்லை" என்று முதலில் எழுதினேன். அது பொய். ஐந்து வயதில் அது உண்மையாக இருந்திருக்கலாம். பதினைந்தில் அது உண்மையில்லை. அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள் என்றுதான் பயந்தேன். அவளுடைய நெஞ்சை அவளுக்குத் தெரியாமல் நான் ஒளித்து வைத்தது என் வசதிக்காக. அதைக் கிழித்துப் போட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால், நான் இங்கே எவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்றுதான் அதில் முக்கால்வாசியும் இருந்தது. அதையும் கிழித்தேன்.

கடைசியில் மூன்று வரிதான் வந்தது. தனிக் காகிதத்தில் எழுதி, மடித்து, இதோடு வைத்திருக்கிறேன். நீ பிரிக்காதே. உன் குணம் எனக்குத் தெரியும், வெளிச்சத்திலும் பிடிக்காதே. நம் இரண்டு பேரைத் தாண்டி நேராக அவள் கையில் போய்ச் சேரட்டும்.

அவள் படிக்கும்போது நீ அறையில் இருக்க வேண்டாம். படித்துவிட்டு அவள் ஏதாவது சொன்னால், சொன்னதை அப்படியே எழுது. என்னைத் திட்டினாலும் குறைக்காமல் எழுது.

ஒன்றும் சொல்லவில்லை என்றால், அதையும் எழுது.